விஎம்மில் எதற்குப் பின் எதை நிறுவுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது புராஜெக்ட்டுக்காக ஒரு விர்ச்சுவல் மெஷின் உருவாக்கியாயிற்று. இயங்குதளம் ஏறி, வெறும் டெஸ்க்டாப் கண்முன்னே நிற்கிறது. அடுத்து எடிட்டரா, டேட்டாபேஸா, வெப் சர்வரா? அந்த இடத்தில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. விண்டோஸ், உபுண்டு, டெபியன் மூன்றையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். விர்ச்சுவல் மெஷினை இனி விஎம் என்றும், அதைத் தாங்கி ஓடும் நிஜக் கணினியை ஹோஸ்ட் என்றும் சொல்கிறேன்.

வரிசை அவ்வளவு முக்கியமா? எப்படியும் எல்லாவற்றையும் நிறுவத்தானே போகிறோம்?

பெரும்பாலான மென்பொருளுக்கு முக்கியமே இல்லை. பிரவுசர், எடிட்டர், ஜிப் பிரிக்கும் கருவி எல்லாவற்றையும் எப்போது வேண்டுமானாலும் போடலாம். வம்பு செய்வது மீதியுள்ள சில. அவை நிறுவப்படும் நிமிடத்தில் சுற்றுமுற்றும் பார்க்கும்: இந்தக் கணினிக்கு என்ன பெயர், என்ன மொழி அமைப்பு, எந்த வெப் சர்வர் இருக்கிறது, எந்த போர்ட் (நெட்வொர்க் இணைப்புக்கான எண்) காலி. பார்த்ததை எழுதி வைத்துக்கொள்ளும். அதோடு சரி, மறுபடி திரும்பிப் பார்க்காது. பிறகு நீங்கள் பெயரை மாற்றினாலும் மொழியை மாற்றினாலும் அதற்குத் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு. விண்டோஸில் ஏஎஸ்பி டாட்நெட் கோர் செயலியை ஐஐஎஸ் வெப் சர்வரில் ஓட்ட ‘ஹோஸ்டிங் பண்டில்’ என்று ஒன்றை நிறுவ வேண்டும். அது ஐஐஎஸ் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தன் மாட்யூலை அதில் பதிவு செய்யும். பண்டிலை முதலில் போட்டு ஐஐஎஸ்ஸைப் பிறகு இயக்கினால் அந்தப் பதிவு நடக்காது. இரண்டுமே பழுதில்லாமல் நிறுவப்பட்டதாகத்தான் காட்டும். செயலியைத் திறந்தால் 500.19 பிழை. கான்ஃபிக் கோப்பில் எழுத்துப் பிழையோ என்று அரை நாள் தேடுவீர்கள். பண்டிலின் இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி ‘ரிப்பேர்’ கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் தீரும்.

ஆகவே ஒவ்வொன்றையும் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நிறுவும்போது இது எதைப் பார்த்து முடிவெடுக்கிறது? அது பார்க்கப்போவதை முதலில் சரிசெய்துவிடுங்கள்.

அப்படியானால் முதல் வேலை எது?

மென்பொருள் எதையும் தொடாமல் நான்கு விஷயங்களை முடிக்க வேண்டும்: பெயர், மொழி அமைப்பு, நேரம், டிஸ்க் அளவு. சலிப்பான வேலைதான். ஆனால் நான் பார்த்த வரிசைத் தவறுகளில் மோசமானவை எல்லாம் இங்கேதான் தொடங்கின.

பெயரில் தொடங்குவோம். விண்டோஸ் தானாக வைக்கும் பெயர் டெஸ்க்டாப் என்று ஆரம்பித்து, ஒரு கோடு போட்டு, பொருளில்லாத எழுத்தும் எண்ணுமாக முடியும். ஒருமுறை அந்தப் பெயரோடே எஸ்க்யூஎல் சர்வரை (மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ்) நிறுவிவிட்டேன். சில வாரம் கழித்து அழகாக ஒரு பெயர் வைத்தேன். இணைப்பு எல்லாம் புதுப் பெயரிலேயே வேலை செய்ததால் கவலைப்படவில்லை. ஆனால் ‘உன் பெயர் என்ன’ என்று சர்வரையே கேட்டால் அது இன்னும் பழைய பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பதிலை நம்பி எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் இல்லாத ஒரு கணினியைத் தேடி ஓடியது. பழைய பெயரை நீக்கி, புதுப் பெயரைச் சேர்த்து, சர்வீஸை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதற்கென்றே சர்வருக்குள் இரண்டு ஸ்டோர்டு புரொசீஜர்கள் (தயாராக எழுதி வைத்த கட்டளைகள்) உண்டு. பெரிய வேலை இல்லை, ஆனால் தேவையே இல்லாத வேலை.

இதைவிடக் கடுமையான ஒன்று: டொமைன் கன்ட்ரோலராக (நெட்வொர்க்கின் யூசர் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வர்) ஆக்க வேண்டிய விஎம்மில் எஸ்க்யூஎல் சர்வரை முந்திக்கொண்டு நிறுவாதீர்கள். நிறுவிய பின் அந்தக் கணினியை டொமைன் கன்ட்ரோலராக மாற்றுவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. எஸ்க்யூஎல் சர்வரை நீக்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே கணினியில் வைக்காமலிருப்பதே நல்லது. சோதனைக்காக வேறு வழியில்லை என்றால் டொமைன் வேலையை முன்னால் முடித்துவிடுங்கள்.

நேரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விஎம்மின் கடிகாரம் பின்தங்கி இருந்தால் உபுண்டு, டெபியனில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் ‘இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று அடம்பிடிக்கும், இணையதளங்களின் சான்றிதழ்கள் தவறு என்று வரும். கடிகாரத்தைச் சரிசெய்தால் போதும்.

டிஸ்க் அளவை முதலிலேயே தாராளமாகக் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கக் கருவியான விஷுவல் ஸ்டுடியோ மட்டுமே சாதாரணமாக 20 முதல் 50 ஜிபி கேட்கும். எல்லாப் பகுதிகளையும் தேர்ந்தெடுத்தால் 210 ஜிபி வரை போகும் என்பது மைக்ரோசாஃப்ட் தரும் கணக்கு. தேவைக்கேற்ப வளரும் வகை டிஸ்க் என்றால் 150 ஜிபி என்று அறிவித்தாலும் ஹோஸ்ட்டில் பயன்படுத்திய அளவுதான் இடம்பிடிக்கும். பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு முட்டுக்கட்டை வரும். விஎம்களை ஓட்டும் மென்பொருள்களில் ஒன்றான விஎம்வேரில் ஸ்நாப்ஷாட் (விஎம்மின் ஒரு நேரத்து நிலையின் பதிவு) இருக்கும்வரை டிஸ்க்கைப் பெரிதாக்க முடியாது. விண்டோஸில் சி டிரைவுக்குப் பின்னால் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால், கூட்டிக் கொடுத்த இடம் அதற்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். சி டிரைவை நீட்ட முடியாது.

மொழி அமைப்பு எதற்கு? நான் ஆங்கிலத்தில்தானே வேலை செய்கிறேன்?

உங்கள் மெனு எந்த மொழியில் இருக்கிறது என்பது இங்கே பேச்சில்லை. டேட்டாபேஸ் அதை வைத்துத்தான் எழுத்துக் குறியாக்கத்தையும் வரிசைப்படுத்தும் முறையையும் முடிவு செய்கிறது.

டெபியன், உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை நிறுவினால் அந்த நிமிடமே ஒரு டேட்டாபேஸ் கிளஸ்டர் (டேட்டாபேஸ்கள் தங்கும் இடம்) தானாக உருவாகிவிடும். அப்போது கணினியின் லோக்கேல் (மொழி அமைப்பு) என்னவோ அதையே எடுத்துக்கொள்ளும். லோக்கேல் எதுவும் அமைக்காத மெலிந்த இமேஜில் அது வெறும் ‘சி’யாக இருக்கும், குறியாக்கம் எஸ்க்யூஎல் ஆஸ்கி ஆகிவிடும். எந்தப் பிழையும் வராது. தமிழைப் போட்டால் வாங்கிக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தரும். ஆனால் அதற்கு எழுத்து என்றால் பைட்தான். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். யூடிஎஃப்-8 டேட்டாபேஸ் 5 என்று சொல்லும் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). இது 15 என்று சொல்லும், ஏனென்றால் தமிழின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8இல் 3 பைட். பத்து எழுத்துக்கு மேல் வேண்டாம் என்று நீங்கள் வைத்த கட்டுப்பாடு நான்காவது குறியீட்டிலேயே கதவை அடைத்துவிடும்.

வரிசைப்படுத்துவதிலும் இதே கதைதான். ‘சி’ லோக்கேல் யூனிகோடு எண்களை மட்டும் பார்க்கும். அங்கே னகரம், நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன்னால் இருக்கிறது. அதனால் ‘பனி’ முந்திக்கொள்ளும், ‘பல்’ பின்னால் வரும். அகராதியில் நேர்மாறு.

இன்னொரு வகையும் உண்டு. ஹோஸ்ட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் டெர்மினல் வழியே நுழையும் முறை) வழியே நுழையும்போது உங்கள் லோக்கேல் பெயரும் கூடவே போகும். அந்த லோக்கேல் விஎம்மில் உருவாக்கப்படவில்லை என்றால் கிளஸ்டர் உருவாக்கும் படி தோற்றுவிடும். இதுவாவது பரவாயில்லை, வாய்விட்டுக் கத்துகிறது.

எஸ்க்யூஎல் சர்வரிலும் கொலேஷன் (வரிசைப்படுத்தும் முறை) என்பது நிறுவும்போது கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து முன்மொழியப்படுவதே. சர்வர் அளவில் அதைப் பிறகு மாற்ற வேண்டும் என்றால் சிஸ்டம் டேட்டாபேஸ்களையே மறுபடி கட்ட வேண்டும். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போகும்போது அந்த ஒரு திரையில் மட்டும் நின்று பாருங்கள்.

இயங்குதள அப்டேட் முதலிலா, கெஸ்ட் அடிஷன்ஸ் முதலிலா?

லினக்ஸில் அப்டேட் முதலில். விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் (திரை அளவு, பகிர்ந்த ஃபோல்டர் போன்றவற்றுக்காக விஎம்முக்குள் போடும் கருவிகள்), அப்போது ஓடும் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஏற்ப மாட்யூல்களைக் கம்பைல் செய்கிறது. பழைய கெர்னலில் கம்பைல் செய்துவிட்டு, பிறகு கெர்னலைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்தால் திரை மறுபடி சுருங்கியும் பகிர்ந்த ஃபோல்டர் காணாமலும் போகக்கூடும். அப்டேட், மறுதொடக்கம், கம்பைலரும் கெர்னல் ஹெடர்களும், அப்புறம் அடிஷன்ஸ். விஎம்வேர் என்றால் டிஸ்ட்ரோவிலேயே இருக்கும் ஓப்பன் விஎம் டூல்ஸ் போதும். மைக்ரோசாஃப்ட்டின் விஎம் மென்பொருளான ஹைப்பர்-விக்கு வேண்டிய டிரைவர்கள் கெர்னலோடே வருகின்றன.

விண்டோஸில் பெரும்பாலும் எப்படிச் செய்தாலும் ஒன்றுதான், ஒரு விதிவிலக்கு தவிர. விஎம்வேரில் விஎம்எக்ஸ்நெட்3 நெட்வொர்க் கார்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதற்கான டிரைவர் விஎம்வேர் டூல்ஸோடு வருகிறது. டூல்ஸ் இல்லாமல் நெட் இல்லை, நெட் இல்லாமல் அப்டேட் இல்லை. அங்கே டூல்ஸ்தான் முதலில்.

டேட்டாபேஸ் முதலிலா, விஷுவல் ஸ்டுடியோ முதலிலா?

இது பழைய காலத்துச் சண்டை. விஷுவல் ஸ்டுடியோ 2005, 2008 நாட்களில் அதுவே எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸை இழுத்துக்கொண்டு வரும். பின்னால் முழுப் பதிப்பை நிறுவப் போனால் பொதுப் பாகங்களின் பதிப்புகள் முட்டிக்கொள்ளும். இப்போது அதோடு வருவது லோக்கல்டிபி என்ற இலகுவான ஒன்று. மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவும் 2016 முதல் தனி டவுன்லோடாகிவிட்டது. ஆகவே எதை முன்னால் போட்டாலும் ஓடும்.

இருந்தாலும் நான் டேட்டாபேஸைத்தான் முதலில் போடுவேன். தவறாகப் போட்டால் சுத்தமாக நீக்குவது கடினமானது எதுவோ, அது சுத்தமான விஎம்மில் ஏற வேண்டும். டேட்டாபேஸ் சர்வர் நீக்கிய பிறகும் ஃபோல்டர்கள், யூசர் கணக்குகள் என்று எச்சங்களை விட்டுப்போகும். எடிட்டர் அப்படி இல்லை.

ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகள் வேண்டும். எது முதலில்?

விஷுவல் ஸ்டுடியோ என்றால் பழையது முதலில், புதியது பிறகு. வெளியான வரிசையிலேயே நிறுவச் சொல்லித்தான் மைக்ரோசாஃப்ட்டும் அறிவுறுத்துகிறது. பொதுவாகப் பகிரும் பாகங்களைப் பழைய இன்ஸ்டாலர் பின்னோக்கி இழுத்துவிடக் கூடாது என்பது இதன் உள்ளர்த்தம்.

நோட், பைத்தான், ஜாவா போன்றவற்றுக்கு வரிசை யோசிப்பதே வீண். பதிப்பு மேலாளர் ஒன்றை நிறுவி, அதன் வழியாக எத்தனை பதிப்பு வேண்டுமோ போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக லினக்ஸில் இயங்குதளத்தோடு வந்த பைத்தானைத் தொடாதீர்கள். சிஸ்டத்தின் பல கருவிகள் அதன்மேல் நிற்கின்றன. 2023இல் வந்த டெபியன் 12 முதல் சிஸ்டம் பைத்தானில் பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) வழியாக எதையும் போட விடாமல் தடுத்தே விடுகிறார்கள். அந்தத் தடையை மீறும் ஆப்ஷன் இருக்கிறதே என்று அதைத் தேடிப் போகாமல் விர்ச்சுவல் என்விரான்மென்ட் (தனி பைத்தான் சூழல்) போட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவினேன், ஆனால் டெர்மினல் ‘அப்படி ஒரு கமாண்டே இல்லை’ என்கிறது. வரிசை தப்பா?

பெரும்பாலும் இல்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலுக்குப் புதிய பாத் (கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) தெரியாது. மூடிவிட்டுத் திறங்கள். எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினல் என்றால் எடிட்டரையே மூடித் திறக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் வேறு பதிப்பு ஓடுகிறது என்றால் அது வரிசைதான், பாத்தின் வரிசை. விண்டோஸில் சிஸ்டம் பாத் முன்னாலும் யூசர் பாத் பின்னாலும் ஒட்டப்படும். உங்கள் பெயரில் மட்டும் நிறுவிய புது ஜாவா, எல்லோருக்கும் நிறுவிய பழைய ஜாவாவிடம் எப்போதும் தோற்கும்.

கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) முதலிலா, எடிட்டர் முதலிலா?

எடிட்டர். விண்டோஸுக்கான கிட் இன்ஸ்டாலர் ‘எந்த எடிட்டர் வேண்டும்’ என்று கேட்கும்போது அது அங்கே இருந்தால் வசதி. மாற்றிப் போட்டாலும் ஒரு வரி கான்ஃபிக்கில் தீர்ந்துவிடும். அதே இன்ஸ்டாலர் வரிமுடிவுக் குறிகளைப் பற்றிக் கேட்பதை மட்டும் கவனித்துப் பதில் சொல்லுங்கள். குழுவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னால் ஒரு எழுத்தும் மாறாத கோப்பு முழுக்க மாறியதாகக் காட்டும்.

போர்ட் மோதல்களை எப்படித் தவிர்ப்பது?

முதலில் வந்தவருக்குத்தான் வழக்கமான போர்ட் கிடைக்கும். டெபியனில் போஸ்ட்கிரெஸின் முதல் கிளஸ்டர் 5432ஐ எடுத்தால் இரண்டாவது பதிப்பு சத்தமில்லாமல் 5433க்குப் போய்விடும். டாம்கேட்டும் ஜென்கின்ஸும் இரண்டுமே 8080ஐ விரும்பும். இங்கே யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், இரண்டாவதாக வந்தது கிளம்பாமல் நின்றுவிடும். ஐஐஎஸ்ஸும் அப்பாச்சியும் 80க்குச் சண்டை போடும். உங்கள் புராஜெக்ட்டின் கான்ஃபிக் கோப்பில் எந்த எண் எழுதியிருக்கிறதோ, அந்த எண்ணுக்கு உரிய மென்பொருளை முன்னால் நிறுவுங்கள்.

டாக்கர் (மென்பொருளைத் தனித்தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) இருந்தால் இந்தத் தலைவலியே இல்லையே?

நிறையக் குறையும். டேட்டாபேஸ், கியூ, கேஷ் எல்லாம் அவரவர் இமேஜுக்குள் தங்கள் லோக்கேலோடும் பாகங்களோடும் வருவதால் விஎம்மைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது குறைவு. லினக்ஸ் விஎம் என்றால் டாக்கரை நிறுவி, உங்கள் யூசரை டாக்கர் குரூப்பில் சேர்த்து, லாக்அவுட் ஆகி வந்தால் முடிந்தது.

விண்டோஸ் விஎம்முக்குள் என்றால் கதை வேறு. டாக்கர் டெஸ்க்டாப் வழக்கமாக, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2ஐ நம்பியிருக்கிறது. அதுவே ஒரு சின்ன விஎம். விஎம்முக்குள் விஎம் ஓட, ஹோஸ்ட் தன் பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதியை உள்ளே கடத்த வேண்டும். ஹைப்பர்-வியில் அந்த அமைப்பை விஎம்மை நிறுத்தி வைத்துத்தான் மாற்ற முடியும். விர்ச்சுவல்பாக்ஸில் ஏஎம்டி பிராசஸர்களுக்கு 6.0இலும் இன்டெலுக்கு 6.1இலும்தான் இந்த வசதி வந்தது. ஆகவே டாக்கரோ ஆண்ட்ராய்டு எமுலேட்டரோ வேண்டும் என்று தெரிந்தால் விஎம்மை உருவாக்கும்போதே இதைச் சோதித்துவிடுங்கள். மற்ற எல்லாம் ஏற்றிய பிறகு ‘இந்த ஹோஸ்ட்டில் முடியாது’ என்று தெரிய வருவது நல்ல அனுபவம் இல்லை.

ஸ்நாப்ஷாட் எப்போது எடுப்பது?

ஒவ்வொன்றுக்கும் எடுக்க வேண்டாம். மூன்று இடம் போதும்: அப்டேட்டும் கெஸ்ட் கருவிகளும் முடிந்த பின், டேட்டாபேஸ் நிறுவும் முன், எல்லாம் முடிந்து சோதித்த பின். விஎம்மை ஷட்டவுன் செய்துவிட்டு எடுத்தால் அளவும் சிறிது, திரும்புவதும் சுத்தம்.

ஸ்நாப்ஷாட் பேக்கப் ஆகாது. அதற்குப் பிறகு நடந்த மாற்றங்கள் தனிக் கோப்பில் சேரும், அந்தக் கோப்பு அடிப்படை டிஸ்க்கையே சார்ந்திருக்கும். அடிப்படை போனால் எல்லாம் போகும். விஎம்வேர் ஒரு சங்கிலியில் 32 வரை அனுமதித்தாலும் நல்ல வேகத்துக்கு 2, 3க்கு மேல் வேண்டாம் என்கிறது. அடுத்த கட்டம் நன்றாக ஓடுகிறது என்று தெரிந்ததும் பழையதை அழித்துவிடுங்கள். பழைய ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பியவுடன் விசித்திரமான பிழை வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

ஒன்றைத் தயார்செய்து குழுவில் எல்லோருக்கும் நகல் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் தனிப்பட்டவை ஏறும் முன் நகல் எடுங்கள். எஸ்எஸ்ஹெச் தனிச்சாவி, கிட் பெயர், டோக்கன், பாஸ்வேர்டு எல்லாம் நகலுக்குப் பிறகு அவரவர் போட்டுக்கொள்ள வேண்டியவை.

லினக்ஸில் மெஷின் ஐடி கோப்பை (அந்தக் கணினியின் அடையாள எண் இருக்கும் கோப்பு) காலிசெய்துவிட்டு நகல் எடுக்க வேண்டும். உபுண்டு சர்வர் அதை வைத்துத்தான் ஐபி முகவரி கேட்கிறது; மேக் முகவரி வேறாக இருந்தும் இரண்டு நகல்களுக்கும் ஒரே ஐபி கிடைத்து, ஏன் என்று தெரியாமல் ஒரு மாலை கழியும். எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளையும் புதிதாக உருவாக்குங்கள். நகலுக்குத் தயார்செய்ய விண்டோஸுக்கு சிஸ்பிரெப் என்ற கருவி இருக்கிறது, ஆனால் அது கணினியின் பெயரையும் மாற்றும். மேலே சொன்ன பெயர்ப் பிரச்சினை நினைவிருக்கிறதா? அதனால் எஸ்க்யூஎல் சர்வரை முழுமையாக நிறுவாமல், 2008 ஆர்2 பதிப்பிலிருந்து இருக்கும் ‘இமேஜ் தயார்செய்’ வழியில் பாதி நிறுவி, நகலில் மீதியை முடிக்க வேண்டும்.

ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் வரிசை தானாக அமையாதா?

ஆப்ட், விண்டோஸின் விங்கெட் போன்றவை ஒரு பேக்கேஜ் அறிவித்திருக்கும் சார்புகளைத்தான் பார்க்கும். போஸ்ட்கிரெஸுக்கு முன் லோக்கேல் வேண்டும் என்று ஆப்ட் உங்களுக்குச் சொல்லாது. அந்த அறிவை நீங்கள்தான் எழுத வேண்டும். நிறுவலைத் தானியங்கியாக்கும் ஆன்சிபிளின் ஸ்கிரிப்டான பிளேபுக் மேலிருந்து கீழாக ஓடுவதால் எழுதிய வரிசையே நிறுவும் வரிசை.

நான் முதல்முறை எதையும் தானியங்கியாக்குவதில்லை. கையால் நிறுவிக்கொண்டே, ஹோஸ்ட்டில் இருக்கும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் செய்ததை வரிவரியாக எழுதுவேன்: என்ன பதிப்பு, எந்தத் திரையில் எதைத் தேர்ந்தெடுத்தேன், எங்கே மறுதொடக்கம் கேட்டது. கோப்பை விஎம்முக்குள் வைக்காதீர்கள். ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பினால் குறிப்பும் பின்னால் போய்விடும். சிரிப்பாகத் தோன்றும், எனக்கு நடந்திருக்கிறது. இரண்டாவது விஎம் அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து உருவானால் மூன்றாவதற்கு ஸ்கிரிப்ட் எழுதலாம்.

ஏற்கெனவே தப்பான வரிசையில் போட்டுவிட்டேன். எல்லாவற்றையும் அழிக்க வேண்டுமா?

வரிசைப்படி பின்னால் வந்திருக்க வேண்டிய மென்பொருளின் இன்ஸ்டாலரை முதலில் மறுபடி ‘ரிப்பேர்’ முறையில் ஓட்டிப் பாருங்கள். பதிவு நடக்காத வகைப் பிழைகள் பெரும்பாலும் அதிலேயே தீரும். போஸ்ட்கிரெஸ் குறியாக்கம் என்றால் மென்பொருளை நீக்க வேண்டாம். தரவை டம்ப் (ஒரு கோப்பாக நகல்) எடுத்துக்கொண்டு, கிளஸ்டரை மட்டும் அழித்து, சரியான லோக்கேலோடு மறுபடி உருவாக்கினால் போதும். அழிக்கும் முன் அந்த டம்ப் வேறொரு இடத்தில் உண்மையில் திறக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் எஸ்க்யூஎல் ஆஸ்கி எந்தக் குப்பைப் பைட்டையும் உள்ளே விட்டிருக்கும். யூடிஎஃப்-8 அதை ஏற்காமல் நடுவழியில் நின்றுவிடும்.